பந்தி முடியும் வரை

ஒன்றாம் நம்பர் சிக்னல் வந்தது, நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் சேவல் புரோகிராம் கடைசியாக எழுதிய வரி அதுதான். அதற்குக் கீழே எதுவும் இல்லை. கறுப்புத் திரையின் அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் விட்டு விட்டு மின்னுகிறது, அடுத்து என்ன, அடுத்து என்ன என்று. என்னைக் கேட்டால் எனக்கென்ன தெரியும், நான் இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன், தோளில் இருக்கும் பையைக்கூட இன்னும் இறக்கவில்லை, நேற்று தலையில் வைத்த மல்லிகை வாசம் குளித்தும் போகவில்லை. வாசலிலேயே திருமூர்த்தி சார் மறித்துவிட்டார். கம்பெனியை ஆரம்பித்தவர், எங்கள் எல்லோருக்கும் முதலாளி, ஆனால் சர்வர் பக்கம் ஏதாவது உடைந்தால் முதலில் என் முகத்தைப் பார்க்கிறவர். "கோகிலா, சேவல் நேத்து மத்தியானமே செத்துப் போயிருக்குது. பொங்கலூர்ப் பக்கம் ஒரு பண்ணையில கரண்ட் போயி, ஒரு கொட்டகைக் கோழி பூராவும் போயிருச்சு. யாரு கொன்னாங்கன்னு பாத்துச் சொல்லு. மத்தியானம் கோழிக் கம்பெனிக்காரங்க வர்றாங்க, அதுக்குள்ள கையில ஒரு பதில் இருக்கோணும்" என்றார். யார் கொன்றார்கள் என்பது எங்கள் தொழிலில் சாதாரணப் பேச்சு. ஓடுகிற புரோகிராம் நின்றால் செத்துவிட்டது என்போம், நாமே நிறுத்தினால் கொன்றுவிட்டேன் என்போம், தினமும் கொல்வோம், தினமும் எழுப்புவோம், யார் மனசும் பதறாது. இன்றைக்கு அந்த வார்த்தையை நான் திருப்பிச் சொல்லவில்லை, பார்க்கிறேன் சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். காலையில் சாப்பிடக்கூட இல்லை.

சேவல் என்று பெயர் வைத்தது சார்தான். பல்லடம், பொங்கலூர், உடுமலை வட்டாரத்தில் நாலு பக்கமும் அடைத்த கோழிக் கொட்டகைகள் இருக்கின்றன, ஜன்னல் கிடையாது, ஒரு கோடியில் ஆள் உயர ஃபேன்கள் வரிசையாகக் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். அது நின்றால் உள்ளே இருக்கும் கோழிகள் தங்கள் சூட்டிலேயே மூச்சுமுட்டி, ஒரு ஆள் மதியத் தூக்கம் போட்டு எழுவதற்குள் முடிந்துவிடும். கரண்ட் போய், ஜெனரேட்டரும் எடுக்காவிட்டால், கொட்டகையில் நாங்கள் மாட்டியிருக்கும் பெட்டி சர்வருக்குச் சொல்லும். சர்வரில் ஓடுகிற சேவல் என்ற புரோகிராம் அந்தப் பண்ணைக்காரரின் போனை அடிக்கும், எடுக்கிறவரை அடித்துக்கொண்டே இருக்கும். அதற்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். "நாம விக்கறது பெட்டி இல்லீங்க, தூக்கம்" என்று சார் கண்காட்சிகளில் பண்ணைக்காரர்களிடம் பேசுவார், நானும் பக்கத்தில் நின்று பெருமையாகத் தலையாட்டியிருக்கிறேன். பெட்டி வந்த பிறகு கொட்டகை வாசலில் கட்டில் போட்டுப் படுப்பதை விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்ப் படுத்தவர்கள் எத்தனையோ பேர். பொங்கலூர்க்காரர் பெயர் செங்காளியப்பன். பெயரைப் படித்தேன். படித்த கையோடு அந்தத் திரையை மூடிவிட்டேன். அது இப்போதைக்கு எனக்கு வேண்டாத விவரம், எனக்குக் கொடுத்திருக்கும் வேலை சிக்னல், அதைப் பார்ப்போம்.

சிக்னல் என்பது ஓடுகிற புரோகிராமின் தோளைத் தட்டிச் சொல்கிற ஒரு செய்தி, அதற்கு நம்பர் உண்டு. ஒன்பது வந்தால் பேச்சே கிடையாது, நின்ற இடத்திலேயே காலி. மெமரி போதாமல் திணறுகிற சர்வர் அகப்பட்ட ஒருவனுக்கு ஒன்பதைக் கொடுத்துத் தீர்த்துவிட்டுத் தான் பிழைத்துக்கொள்ளும். பதினைந்து கொஞ்சம் மரியாதை, கையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுக் கிளம்பப்பா என்று மனுஷர்கள் கொடுப்பது. கொலை என்று கேள்விப்பட்டதும் நான் எதிர்பார்த்தது ஒன்பதைத்தான். ஒன்பதாக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும், சார், மெமரி பத்தவில்லை, பெரிய மெஷின் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போய் இட்லி சாப்பிட்டிருப்பேன். சரி, மெமரியையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று பார்த்தேன். பாதிகூட நிரம்பவில்லை. டிஸ்க்கில் இடம் இருக்கிறதா, இருக்கிறது. சர்வரை வாடகைக்குக் கொடுத்தவர்கள் ஏதாவது செய்தார்களா, செய்யவில்லை. மறுபடியும் மெமரியைப் பார்த்தேன், அதற்குள் மாறியிருக்குமா என்ன. ஒன்று என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. புதிதாகச் சேருகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதே நான்தான். அந்தக் காலத்தில் ஒருவர் டெலிபோன் லைன் வழியாகத் தூரத்து மெஷினோடு வேலை செய்துகொண்டிருப்பார், நடுவில் போனை வைத்துவிடுவார், அப்போது அவரை நம்பி ஓடிக்கொண்டிருந்த வேலைகளுக்கு, உன்னை ஓட்டிய ஆள் போய்விட்டார், நீயும் நிறுத்திக்கொள் என்று போகிற செய்திதான் ஒன்று. இப்போது டெலிபோன் இல்லை, ஆனால் செய்தி அதேதான் என்று பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். அப்படியென்றால் யாரோ ஒரு ஆள் சேவலைத் தன் கையால் ஓட்டிவிட்டு, பிறகு கிளம்பிப் போயிருக்கிறார். யாரோ. நான் மூன்றாம் தடவையாக மெமரியைப் பார்த்தேன்.

மல்லிகை வாசம் போகவே மாட்டேன் என்கிறது. நேற்று ஞாயிற்றுக்கிழமை, வைகாசி முகூர்த்தம், பெரியப்பா மகன் கல்யாணம், அவனுக்குக் கூடப்பிறந்த பெண் இல்லாததால் இணைச்சீர்காரி நான்தான். மாப்பிள்ளைக்கு அக்கா தங்கை முறையில் இருப்பவள் செய்ய வேண்டிய சீர் எங்கள் பக்கத்தில் பெரிய விஷயம், அன்றைக்குக் கல்யாணப் பெண்ணுக்கு அடுத்த மரியாதை அவளுக்குத்தான். அந்த மரியாதையையும் விடவில்லை, வேலையையும் விடவில்லை, அதுதான் என் லட்சணம். சேவலின் புது வடிவத்தை ஞாயிற்றுக்கிழமை போடுவதாக ஏற்கெனவே முடிவாகியிருந்தது. "அமலு பாத்துக்குவான், நீ கல்யாணத்தைப் பாரு" என்று சார்கூடச் சொன்னார். நான் விடவில்லை. கூட வேலை பார்க்கும் அமல்ராஜுக்குத் தெரியாதா என்றால், நன்றாகத் தெரியும். ஆனால் சேவல் மேல் வேறொருத்தர் கை வைத்தால் எனக்குப் பொறுக்காது, நான் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது என்று எல்லோரும் சொல்வதில் எனக்கு ஒரு ருசி. தாலி கட்டி முடிந்ததும் மாடியில் மணமகள் அறைக்குள் புகுந்து, பூக்கூடைக்கும் தேங்காய்ப் பைக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் லேப்டாப்பை வைத்து, பட்டுச்சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். பார்த்தவர்கள் எல்லாம், பாரு, கல்யாணத்திலும் கம்ப்யூட்டர், எவ்வளவு பெரிய வேலையோ என்றார்கள். எனக்கு அது பிடித்திருந்தது, இதைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை. புது வடிவத்தைப் போட்டேன். சேவலை முறைப்படி கிளப்பிவிட சர்வரில் ஒரு கண்காணி இருக்கிறது. சேவல் எதனால் விழுந்தாலும் அது உடனே தூக்கி நிறுத்திவிடும். நேற்று அந்தக் கண்காணி ஏதோ ஒரு சின்னத் தகராறில் கிளப்ப மறுத்தது. அதைச் சரிசெய்யக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை சேவல் சும்மா கிடக்க வேண்டாமே என்று, தற்காலிகமாக, சாப்பிட்டுவிட்டு வந்து சரிசெய்துகொள்ளலாம் என்று, கண்காணிக்குச் சொல்லாமல் என் கையாலேயே ஓட்டிவிட்டேன்.

"ஏ கோகிலா, இலை போட்டாச்சு, சம்பந்தி வூட்டுக்காரங்கெல்லாம் உனக்காக உக்காந்திருக்காங்க, அந்தப் பொட்டிய மூடிப்போட்டு வா சாமி" என்று சித்தி கதவைத் தட்டினாள். மூடிப்போட்டு வந்தேன். டப் என்று ஒரு சின்னச் சத்தம். ஒரு லேப்டாப்பை மூடினால் என்ன ஆகும் என்பதும் நான் வகுப்பில் சொல்லித் தருகிற விஷயம்தான். மூடினவுடனே எதுவும் சாகாது. ஆள் இருக்கிறாரா என்று சர்வர் விட்டு விட்டுக் கேட்கும், பதில் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுத்துக் கேட்கும், நல்ல பொறுமைசாலி, ஒருவேளை நெட் சரியில்லையோ, திரும்பி வந்துவிடுவாரோ என்று காத்திருக்கும். கடைசியில்தான், சரி, இந்த ஆள் வரப்போவதில்லை என்று முடிவு செய்து லைனை வைக்கும், அப்போது ஒன்று போகும். நேற்று நான் மூடிவிட்டுப் போன பிறகும் சேவல் நல்லபடியாக ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. சர்வர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, டீ" என்று அமல்ராஜ் கோப்பையை மேஜை மேல் வைத்தான். திண்டுக்கல்காரன், ஒப்பந்தத்தில் இருக்கிறான், இந்த மாதம் நிரந்தரமாக்குவதாக சார் வாக்குக் கொடுத்திருக்கிறார், அதை நம்பி ஊரிலிருந்து அம்மாவைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ள வீடு பார்த்துக்கொண்டிருக்கிறான். ராத்திரி தூங்கின முகமாக இல்லை. நேற்று ஆபீசில் இருந்தது அவன்தான். சேவல் நின்றால் எங்கள் போனுக்கு வருகிற எச்சரிக்கையை, புது வடிவம் போடும்போது சும்மா சும்மா அலறுமே என்று, நான்தான் அவனை அமர்த்தி வைக்கச் சொன்னேன். முடிஞ்சதும் சொல்றேன், அப்பத் திருப்பிப் போடு என்று சொன்னேன். "என்னக்கா, ஏதும் தெரிஞ்சிச்சா?" என்றான். "பாத்துட்டு இருக்கேன்" என்றேன். அவன் போகவில்லை. குரலைத் தணித்துக்கொண்டு, "எச்சரிக்கையை ஏண்டா திருப்பிப் போடலைன்னு சாரு காலைல புடிச்சு ஏசிட்டாருக்கா. நீங்க சொல்றேன்னீங்கள்ல, அதான் பாத்துக்கிட்டே இருந்தேன். மெசேஜ்கூடப் போட்டேன். போன் பண்ணுவோமான்னு நெனச்சேன், ஃபங்ஷன்ல இருக்கிறவங்கள எதுக்குத் தொந்தரவு பண்ணிக்கிட்டுன்னு விட்டுட்டேன். சாயங்காலம் அந்தப் பண்ணைக்காரரு கூப்பிட்டப்பெறகுதான் பாத்தேன், சேவல் செத்துக் கெடக்கு. பழைய வடிவத்தைத்தான் எழுப்பி ஓட விட்டிருக்கேன்" என்றான். "சார்கிட்ட இதச் சொன்னியா, நான் சொல்லித்தான் அமர்த்தி வெச்சேன்னு?" "இல்லக்கா. நீங்க வந்து சொல்லிக்குவீங்கன்னு விட்டுட்டேன்." அவன் அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். டீ ஆறுவதற்குள் குடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். என் போனை எடுத்துப் பார்த்தேன், கல்யாணக் குரூப்பில் வந்து குவிந்த படங்களுக்கு அடியில் அவன் மெசேஜ் கிடந்தது. அக்கா முடிஞ்சதா, எச்சரிக்கையைத் திருப்பிப் போடட்டுமா. இந்த நிமிஷம் வரை நான் திறக்காத மெசேஜ்.

சொல்லிவிடலாம். இதில் என்ன இருக்கிறது, யாருக்கும் வருவதுதான், கல்யாண அவசரத்தில் மறந்துவிட்டேன் சார் என்றால் முடிந்தது. மறந்துவிட்டேன். இந்த வார்த்தையை மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது, மறதிக்கு யார் என்ன செய்ய முடியும். மறந்துவிட்டேன் என்று சொல்லும்போதெல்லாம் ரசம் வருகிறது. வேண்டாம் என்று தள்ளினாலும் வருகிறது, பித்தளை வாளி, அதை வைத்திருந்தவரின் ஈரத் துண்டு, இலையில் குழித்து வைத்த சோறு, ரசம்ங்க, ரசம்ங்க என்ற குரல். வேறு எதையாவது நினைக்கலாம். கண்காணி ஏன் நேற்று தகராறு செய்தது என்று பார்க்கலாம், அது ஒரு நல்ல கேள்வி, பார்த்தேன், ஒரு ஃபைலின் இடம் மாறியிருந்தது, ஒரு வரியில் சரியாகிற விஷயம், இப்போது சரிசெய்தும் விட்டேன், இப்படித்தான் நேற்றும் ஆகியிருக்கும், ரசம் வருவதற்கு முன்பே ஆகியிருக்கும். குரூப்பில் யாரோ பந்திப் படம் ஒன்று போட்டிருக்கிறார்கள். நான் நடுவில் இருக்கிறேன், ஒரு பக்கம் மாப்பிள்ளை பொண்ணு, இன்னொரு பக்கம் பெண்ணின் தாய்மாமா, பெரிய மீசை, ரசக்காரரின் கை பாதி தெரிகிறது, நான் எதற்கோ சிரித்துக்கொண்டிருக்கிறேன். படத்துக்குக் கீழே நேரம் இருக்கிறது. சேவலின் கடைசி வரியிலும் நேரம் இருக்கிறது. பார்க்காமல் இருந்திருக்கலாம். நான் சிரித்துக்கொண்டிருந்தபோது சேவல் உயிரோடு இருந்திருக்கிறது. சர்வர் இன்னும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

திருமூர்த்தி சார் பின்னால் வந்து நின்றதே தெரியவில்லை. "என்னம்மா, ஆளு கிடைச்சானா?" என்றார். திரையில் கல்யாணப் படம் இல்லை, நல்லவேளை, போனில்தான் இருந்தது, குப்புற வைத்தேன். "கிட்டத்தட்ட வந்துட்டேன் சார்." "சிக்னல் எப்படியோ போவுது. அது அவங்களுக்கு எங்க வெளங்கப் போவுது. எச்சரிக்கையை அமர்த்தி வெச்சவன் திருப்பிப் போடல, அதனால நமக்குத் தெரியல, அவ்வளவுதான் விஷயம். அதையே எழுதிக் குடுத்துரு. ட்யூட்டில இருந்த பையனை எடுத்துட்டோம்னு சொன்னா அவங்களும் சமாதானம் ஆயிருவாங்க. அமலுக்கு எப்படியும் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது" என்றார். அவர் கெட்டவர் இல்லை, அப்படிச் சொல்லும்போது அவர் முகமும் வாடித்தான் இருந்தது. நான் வாயைத் திறந்தேன். சார், அமர்த்தி வைக்கச் சொன்னதே நான்தான் என்று சொல்லத்தான் திறந்தேன். "அந்தப் பண்ணைக்காரரு என்ன சொல்றாரு சார்?" என்று வந்தது. "அவரு பாவம் என்ன சொல்லுவாரு. குஞ்சும் தீவனமும் கோழிக் கம்பெனியுது, கொட்டகையும் வேலையும்தான் அவருது. அசால்ட்டா இருந்து கோழியச் சாகக் குடுத்தாருன்னு எழுதிட்டாங்கன்னா அடுத்த பேட்ச் குஞ்சு எறக்க மாட்டாங்க. கொட்டகை சும்மா கிடக்கும்." சொல்லிவிட்டு ஏசி அறைக்குள் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு வாய் நன்றாகத் திறந்தது, திரையைப் பார்த்து, சார், நான்தான் சார் என்று சத்தமில்லாமல் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். வெட்கங்கெட்ட ஒத்திகை.

பதில் எழுதும் பக்கத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். காரணம் என்ற இடம் காலியாக இருக்கிறது. மெமரி என்று எழுதலாம், யாரும் போய்ப் பார்க்க மாட்டார்கள், இந்த ஆபீசில் போய்ப் பார்க்கிறவள் நான் ஒருத்திதான். மெமரி என்று எழுதினால் என்மேல் இல்லை, ஆனால் எச்சரிக்கை அமல்மேல் அப்படியே நிற்கும். மறதி என்று எழுதினால் அமல் தப்பித்துக்கொள்வான், நானும் பெரிதாகக் கெட்டுவிட மாட்டேன், கல்யாணம், அவசரம், பாவம், வீட்டிலும் வேலை ஆபீசிலும் வேலை, நாலு பேர் பரிதாபப்படுவார்கள்கூட. அதை எழுதத்தான் கை போகிறது, எழுதப் போனால் மறுபடியும் ரசம். சரி, வரட்டும். ரசம் ஊற்றினார். சோற்றைப் பிசைந்தேன். அப்போது எனக்கு ஞாபகம் வந்தது. மறக்கவில்லை, ஞாபகம் வந்தது, தெளிவாக, வெளிச்சம் போட்ட மாதிரி: லேப்டாப்பை மூடிவிட்டேன், சேவல் என் கையில்தான் ஓடுகிறது, கண்காணியிடம் இல்லை, அமலுக்கும் சொல்லவில்லை. மாடி அறைக்குப் போய்த் திறந்தால் போதும். எழுந்திருக்க இடது கையைத் தரையில் ஊன்றக்கூடச் செய்தேன். தாய்மாமா பக்கத்து இலையில் நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், பாயசம் வரவில்லை, மோர் வரவில்லை, பந்தியில் பாதியில் எழுந்தால் பக்கத்து இலைக்காரரை அவமதித்த மாதிரி, அதுவும் இணைச்சீர்காரி, அதுவும் சம்பந்தி வரிசையில், சாப்பாடு சரியில்லை என்று எழுந்துவிட்டாள் என்று பேச்சாகிவிடும், சித்தி காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள். பந்தி முடியட்டும், அதற்குள் ஒன்றும் ஆகிவிடாது என்று கையை எடுத்தேன். தாய்மாமா ஏதோ வேடிக்கையாகச் சொன்னார், சிரித்தேன், அதைத்தான் யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். பந்தி முடிந்ததும் போட்டோவுக்குக் கூப்பிட்டார்கள், போனேன், பிறகு தாம்பூலம், பிறகு கார், காரில் தூக்கம். பிறகுதான் மறந்தேன். அந்த மறதியை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் காலையிலிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

ஹெல்ப்லைன் போன் அடித்தது. அமல் எடுத்தான், ஐயா சொல்லுங்க, ஆமாங்கய்யா என்று கொஞ்ச நேரம் கேட்டான், பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தான். "அக்கா, செங்காளியப்பன். வெவரம் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது பேசணுங்கிறாரு." வேண்டாம் என்று தலையாட்ட எனக்கு அந்த நிமிஷம் முழுதாக இருந்தது. கையை நீட்டினேன். எதிர்முனையில் முதலில் கேட்டது அவர் குரல் இல்லை, பொக்லைன் சத்தம், மண்ணைக் கவ்விக் கவ்விக் கொட்டுகிற சத்தம். குழி எடுக்கிறார்கள். "வணக்கமுங்க, கோகிலவாணி பேசறனுங்க" என்றேன். திட்டுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். "அம்மிணி, ஒரே ஒரு சங்கதிதானுங்க" என்றார், மெதுவாக, கடன் கேட்கிற குரலில். "நேத்து எனக்குப் போன் வந்துச்சுங்களா? மத்தியானம் சோறு உண்டுட்டு செத்த நேரம் கண்ணசந்துட்டனுங்க. போனு தலைமாட்டுலதான் இருந்துச்சு. அடிச்சு அடிச்சு எனக்குத்தான் கேக்காமப் போயிருச்சோன்னு மனசு கெடந்து அடிச்சுக்குதுங்க. போனுல ஒண்ணுங் காணோம், ஆனா எனக்கு இதெல்லாம் பாக்கத் தெரியாது. எங்கூட்டுக்காரி நேத்திருந்து எங்கூடப் பேச மாட்டீங்கறா. கோழி கத்திக் கத்திச் சாவுது, நீ இன்வெர்ட்டர் காத்தாடிக்கு அடியில தூங்கறயேன்னு கேட்டதுதானுங்க, அப்பறம் பேச்சில்லை. எனக்குக் கோழி போனதுகூட இருக்கட்டுமுங்க. போன் வந்துச்சுங்களா, வரலீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் நேற்றிலிருந்து சுமந்துகொண்டிருப்பது என்னுடையது. வாழ்க்கையில் இதுவரை யாரும் என் பாரத்தை இப்படி எடுத்துக்கொண்டதில்லை, அதுவும் கேட்காமல், அதுவும் யாருடையது என்றே தெரியாமல். சார் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார், யாரு என்று புருவத்தால் கேட்டார், அமல் சொன்னதும் வேகமாக வந்து, எதுவும் ஒத்துக்காதே, அப்பறம் பேசறோம்னு வெச்சிரு என்று கையால் ஜாடை காட்டினார். வை, வை என்று அந்தக் கை ஆடிக்கொண்டே இருந்தது. "வரலீங்க" என்றேன். "உங்களுக்குப் போன் வரவே இல்லீங்க. நீங்க முழிச்சிருந்தாலும் வந்திருக்காதுங்க. போன் பண்றதை நேத்து நான் சரியா ஓட்டி வெக்காமப் போயிட்டனுங்க. இங்க வேற யாருமேலயும் தப்பில்லீங்க, நாந்தானுங்க." அமலைப் பார்க்கவில்லை, சாரையும் பார்க்கவில்லை. சாரின் கை பாதியில் நின்றுபோனது மட்டும் கண்ணோரத்தில் தெரிந்தது. எதிர்முனையில் பொக்லைன் நின்றிருந்தது. இப்போது திட்டுவார், திட்டட்டும், திட்டினால் நன்றாக இருக்கும். "அம்மிணி" என்றார், குரல் உடைந்திருந்தது, "இதை அவகிட்ட ஒரு வார்த்தை சொல்றீங்களா? நாஞ் சொன்னா நம்ப மாட்டா. இருங்க, வெச்சிராதீங்க, குடுக்கறேன்." செருப்பு சரசரக்கிற சத்தம், கதவு, இந்தா பேசு, கம்பெனில இருந்து, பேசு புள்ளை என்று அவர் கெஞ்சுவது தூரத்தில் கேட்டது.

"யாருங்க?" என்றது ஒரு வறண்ட குரல். நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன், பெயர், போன் வராதது, அவர் தூங்கினதால் இல்லை என்பது, என்னால்தான் என்பது. இரண்டாம் தடவை சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன், இல்லை. "மறந்துட்டீங்களாக்கும்?" என்றார் அந்தம்மா. திட்டாகக்கூட இல்லை, என் வயசுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவர் கேட்கிற மாதிரி இருந்தது. ஆமாங்க என்று சொல்லியிருந்தால் போதும், எல்லோருமே அதோடு விட்டிருப்பார்கள். "இல்லீங்க" என்றேன். "ஒரு கல்யாணத்துல சாப்பிட்டுட்டு இருந்தனுங்க. ரசம் ஊத்தறப்ப ஞாபகம் வந்துச்சுங்க. பந்தியில பாதில எந்திரிக்கக் கூடாதுன்னு உக்காந்துட்டனுங்க." பக்கத்தில் சார் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது. அந்தம்மா போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.